ரோமின் கஜானா யார் கையில்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோமக் குடியரசைப் பற்றிய கட்டுரையில் வரிக் குத்தகைக்காரர்கள் மாகாணங்களைச் சுரண்டியதை விரிவாக எழுதியிருந்தீர்கள். அரசுப் பணத்தைப் பார்த்துக்கொள்ள குவெஸ்டர் என்ற அதிகாரிகள் இருந்தார்களே, அவர்கள் என்ன செய்தார்கள்? கணக்குக் கேட்க ஆளே இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆள் இருந்தார்கள். கணக்கும் கேட்டார்கள். ஆனால் கேட்டவர்களுக்குக் கணக்குத் தெரியாது, அங்கேதான் எல்லாம் கெட்டது.

குவெஸ்டர் பதவி ஓராண்டுக்குத்தான். கி.மு. 81-ல் அப்போதைய சர்வாதிகாரி சுல்லா அவர்களின் எண்ணிக்கையை 20 ஆக்கினார், பதவி முடிந்ததும் செனட்டில் இடமும் உறுதி. அதனால் முப்பது வயதை ஒட்டிய பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது அரசியலின் முதல் படி, அவ்வளவுதான். யாருக்கு எந்த வேலை என்பதைப் பெரும்பாலும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். இருவர் நகரத்திலேயே தங்கி சாட்டர்ன் கோயிலில் இருந்த கஜானாவைக் கவனித்தார்கள், மற்றவர்களில் பலர் ஆளுநர்களோடும் தளபதிகளோடும் போனார்கள்.

அப்படிப் போன ஒருவர் கொடுத்த கணக்கைப் பாருங்கள். பின்னாளில் சிசிலியைச் சூறையாடிய வெர்ரெஸ், கி.மு. 84-ல் கார்போ என்ற கன்சலின் (ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை ஆட்சியாளர்) குவெஸ்டர். பெற்றது 22,35,417 செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்). படைச் சம்பளம், தானியம், அதிகாரிகள், மெய்க்காவல் படை வகையில் கொடுத்தது 16,35,417. அரிமினம் என்ற இத்தாலிய நகரத்தில் விட்டு வந்தது 6,00,000. முடிந்தது கணக்கு! யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், எதுவும் கிடையாது. வெர்ரெஸ் இதைச் சமர்ப்பித்தபோது அரிமினம் உள்நாட்டுப் போரில் கொள்ளை போயிருந்தது, போய் விசாரிக்கவும் வழியில்லை. அந்த ஆறு லட்சத்தைக் கார்போ தொடவில்லை, சுல்லா பார்க்கவில்லை, கஜானாவுக்கும் வரவில்லை என்று கி.மு. 70-ல் வழக்கறிஞர் சிசரோ வெர்ரெஸ் மேல் வழக்கு நடத்தும்போது எடுத்துக்காட்டினார். அதுவரை பத்தாண்டுக்கு மேல் அந்த ஏடு ஏற்கப்பட்ட கணக்காகவே கிடந்தது என்பதுதான் எனக்கு வெர்ரெஸின் திருட்டைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, நகரத்துக் கஜானா? அங்கே குவெஸ்டர்கள் வருவார்கள், போவார்கள். எழுத்தர்கள் மட்டும் அப்படியே இருப்பார்கள். எந்தக் கடன் எந்த ஏட்டில் இருக்கிறது, எந்தச் சட்டம் செல்லும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த எழுத்தர் பதவியே விலைக்கு வாங்கக்கூடியது. பிலிப்பி போரில் தோற்ற பக்கம் நின்றுவிட்டு மன்னிப்போடு திரும்பிய கவிஞர் ஹொரேஸ்கூட ஒன்றை வாங்கிப் பிழைத்தார்.

இவர்களை ஒருவர் எதிர்த்து நின்றார், இளைய கேட்டோ. கி.மு. 64 வாக்கில் குவெஸ்டரானவர். பதவிக்கு நிற்பதற்கு முன்பே அதற்கான சட்டங்களையெல்லாம் படித்து, அனுபவப்பட்டவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். எழுத்தர்கள் மிரண்டுபோனார்கள். ஒருவரை வேலையை விட்டே நீக்கினார், இன்னொருவர் மேல் மோசடி வழக்கு. அந்த எழுத்தருக்காக வாதாட வந்தவர் கட்டுலஸ், ரோமின் மிகப் பெரிய மனிதர்களில் ஒருவர். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும், உடல்நலமில்லாமல் கிடந்த கேட்டோவின் சக அதிகாரியைப் பல்லக்கில் தூக்கிவரச் செய்து அவர் வாக்கால் எழுத்தரை விடுவித்தார். கேட்டோ அசையவில்லை, அந்த ஆளுக்கு வேலையும் கொடுக்கவில்லை, சம்பளமும் கொடுக்கவில்லை. சுல்லா காலத்தில் அவருடைய எதிரிகளைக் கொன்று தலைக்கு 12,000 திராக்மா பரிசு வாங்கியவர்களிடமிருந்து அந்தப் பணத்தை வசூலித்ததும் இவர்தான். பதவி முடிந்த பிறகும் தினமும் நடந்த வரவுசெலவைத் தன் அடிமைகளை அனுப்பிப் பிரதி எடுத்துக்கொண்டார். இதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது.

ஆனால் அந்த முறை ஒரு கேட்டோவை நம்பியது. ஒரு எழுத்தரைக் காப்பாற்ற கட்டுலஸ் மாதிரி ஆளே வருகிறார் என்றால், குத்தகைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மைதான். என் கட்டுரையில் இந்தப் பக்கம் வரவில்லை, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

ஓராண்டு போதாது என்பது பேரரசர்களுக்கும் புரிந்தது. கி.பி. 44-ல் கிளாடியஸ் கஜானாவை மறுபடி குவெஸ்டர்களிடம் கொடுத்தபோது பதவிக்காலத்தை மூன்றாண்டாக்கினார். இளைஞர்களுக்கு இது சரிவராது என்று 56-ல் நீரோ அவர்களிடமிருந்து எடுத்து, பிரீட்டராக (குவெஸ்டரைவிட உயர்ந்த, நீதி விசாரணை பார்க்கும் பதவி) இருந்து அனுபவப்பட்டவர்களிடம் ஒப்படைத்தார். அதற்குள் பெரும் பணம் பேரரசரின் சொந்தக் கருவூலத்துக்குப் போக ஆரம்பித்திருந்தது. அங்கே கணக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் பேரரசரின் விடுதலை பெற்ற அடிமைகள். அவர்களில் பல்லாஸ் என்பவர் 55-ல் பதவியை விட்டுப் போகும்போது, தன் பழைய நடவடிக்கை எதையும் விசாரிக்கக் கூடாது, அரசோடு தன் கணக்கு நேராகிவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டுத்தான் போனார்.