காட்டில் இரண்டு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வார இறுதியில் காட்டில் தங்கி, கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பழகும் சிறு முகாம்கள் பற்றி வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: நண்பர்கள் பத்துப் பேர் சனி, ஞாயிறு பயிற்சிக்குப் போகிறோம். தார்ப்பாய் கட்டுவது, தீ, தண்ணீர், திசை, கயிறு திரிப்பது, பொறி வைப்பது, மூலிகை என்று 14 தலைப்புகள் எழுதி வைத்திருக்கிறோம். நேரம் போதுமா?

பதில்: போதாது. நான்கை வைத்துக்கொண்டு மற்ற பத்தையும் அடித்துவிடுங்கள். கண் ஒரு முறை பார்த்தால் போதும்; கைக்கு அது போதாது. தார்ப்பாயை மூன்று முறை கட்டி அவிழ்த்தவருக்குத்தான் இருட்டிலும் மழையிலும் விரல் தானாக முடிச்சுப் போடும்.

எந்த நான்கு? ஒதுங்க மறைப்பு, குடிக்கத் தண்ணீர், தீ, உதவிக்கு அழைப்பது. ஆரோக்கியமான ஆள் உணவில்லாமல் வாரக்கணக்கில் தாங்குவார், தண்ணீரில்லாமல் சில நாள். நனைந்த உடையோடு குளிர்காற்றில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். அதனால்தான் மறைப்பு முதலில் வருகிறது. பொறி வைப்பது பல இடங்களில் சட்டப்படி குற்றம். அந்தத் தலைப்பை எடுத்தே விடுங்கள்.

சனிக்கிழமை காலை போய் இறங்கியதும் ஒரு மணி நேரம் இடத்தைச் சுற்றிக் காட்டி விதிகளைச் சொல்லுங்கள். அடுத்து தார்ப்பாய், மதியம் தண்ணீர், பிற்பகல் தீ. ஞாயிறு காலை உதவிக்கு அழைக்கும் சமிக்ஞை, மதியத்துக்கு மேல் துப்புரவு மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம் கொடுத்து, நடுவே அரை மணி சும்மா விட்டுவையுங்கள். முதல் பாடம் எப்போதும் இழுத்துக்கொண்டுதான் போகும். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே படுக்கும் இடம் தயாராகிவிட வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் கத்தி வேலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: இடம் பிடிக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அனுமதி. நிலம் யாருடையதோ அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தங்க அனுமதி வேறு, தீ மூட்ட அனுமதி வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு வாரம் முன்பே இருவர் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். படுக்கப்போகும் இடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள்: காய்ந்த கிளை தொங்கினால் அந்த மரத்தடி ஆகாது. ஓடைக்கரைப் புதர்களில் சருகும் குப்பையும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள்; போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கிறது, வண்டி எதுவரை வரும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பிடம் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி தோண்டி, பின் மண் போட்டு மூட வேண்டும்.

கேள்வி: வில்லும் கடைகோலும் வைத்துத் தீ கடைந்து பார்க்கிறோம். புகை நன்றாக வருகிறது, தணல் மட்டும் விழ மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

பதில்: தீக்கடையும் கோலுக்குப் பழந்தமிழில் ஞெலிகோல் என்ற பெயரே இருக்கும் அளவுக்குப் பழைய வித்தை இது. வில்லின் கயிற்றைக் கோலில் ஒரு சுற்றுச் சுற்றி, கோலின் மேல்முனையை ஒரு கட்டையால் அழுத்திப் பிடித்து, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் கோல் அடிக்கட்டையின் குழியில் சுழன்று உரசும்; அதில் உதிரும் சூடான தூள்தான் தணலாகிறது. தப்பு எங்கே என்பதை அடியில் சேரும் தூளே சொல்லிவிடும். தூள் வெளிர் பழுப்பாக இருந்தால் சூடு போதவில்லை. முதலில் வேகத்தைக் கூட்டுங்கள், பிறகு அழுத்தத்தை. கருத்து, பஞ்சுபோல் மென்மையாக இருந்தால் நல்ல தூள். தூளே விழாமல் கீச்சென்று சத்தம் வந்தால் குழி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. ஒரு சிட்டிகை மணல் போட்டுச் சற்று அழுத்திக் கடையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது அடிக்கட்டையில் வெட்டும் வெட்டில்தான். குழியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு ஆப்புபோல வெட்ட வேண்டும். அதன் கூர்முனை கிட்டத்தட்ட குழியின் நடுவைத் தொட வேண்டும். வெட்டு சிறிதானால் தூள் குவியாமல் சுற்றிலும் சிதறும். சிதறிய தூளில் சூடு நிற்காது, குவிந்தால்தான் தணலாகும். அடியில் ஒரு காய்ந்த பட்டையை வையுங்கள். ஈரமண்ணில் விழும் தூள் அப்போதே குளிர்ந்துவிடும்.

மரம் சரிதானா என்று நகத்தால் பாருங்கள். கட்டைவிரல் நகம் லேசாகப் பதிய வேண்டும். ஒடித்தால் மடங்காமல் படக்கென்று முறிய வேண்டும். பிசின் வடியும் மரம் உதவாது. தரையில் கிடப்பது ஈரம் குடித்திருக்கும், நின்றபடியே காய்ந்த கிளையை எடுங்கள். கோல் 20 முதல் 25 செ.மீ. நீளம், சுமார் 2 செ.மீ. தடிமன், அடிக்கட்டையும் ஏறக்குறைய அதே தடிமன். மேலே பிடிக்கும் கட்டையின் குழியில் பச்சை இலையோ சோப்போ தேயுங்கள். அங்கிருந்து புகை வந்தால் உங்கள் உழைப்பு தப்பான முனையில் செலவாகிறது.

மேல்கட்டையைப் பிடிக்கும் கையின் மணிக்கட்டு முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்போடு அழுந்தி நிற்கட்டும். கை ஆடினால் கோல் துள்ளிவிடும். வில்லை முழு நீளத்துக்கும் இழுங்கள். புகை கட்டியாக வந்த பிறகும் நிறுத்தாமல் இன்னும் இருபது முப்பது இழுப்பு வேகமாக இழுங்கள், அப்புறம் நிறுத்துங்கள். கோல் நின்ற பிறகும் தூள் தானாகப் புகைந்தால் தணல் பிறந்துவிட்டது. இனி அவசரம் வேண்டாம்; கையால் மெல்ல விசிறி, தணல் திரண்ட பிறகு குருவிக்கூடு போல் கசக்கிவைத்த நார்ப் பந்துக்கு மாற்றுங்கள். நார் ஈரமாக இருந்தால் பட்ட பாடெல்லாம் அங்கேயே அணைந்துபோகும்.

அன்றைய சமையலும் குளிர்காய்வதும் இந்தத் தணலை நம்பி இருக்கக் கூடாது. நீர் புகாத டப்பாவில் இரண்டு லைட்டர் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் போதாதா?

பதில்: துணி கலங்கலை நிறுத்தும், கிருமியை நிறுத்தாது. வடிகட்டிய பின் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேலான இடமென்றால் 3 நிமிடம். பூச்சிமருந்து, ஆலைக்கழிவு கலந்த நீர் கொதித்தாலும் சுத்தமாகாது. முகாமில் வயிறு கெடுவது பெரும்பாலும் சின்ன அலட்சியத்தால்: ஓடையில் முக்கி எடுத்த பாட்டிலிலேயே கொதித்த நீரை ஊற்றுவது, மூடியின் மரைக்குள் பச்சைத்தண்ணீர் தங்குவது, சோப்பு போட்டுக் கை கழுவாமல் சமைப்பது. பாத்திரங்களில் சிவப்புத் துணி கட்டியது பச்சைத்தண்ணீருக்கு என்று பிரித்துவிடுங்கள். பயிற்சி எப்படிப் போனாலும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் நல்ல தண்ணீர் வண்டியில் இருக்க வேண்டும்.

கேள்வி: தார்ப்பாய் நன்றாகத்தான் கட்டினோம். ஆனாலும் உள்ளே சொட்டியது, இரவெல்லாம் குளிர்.

பதில்: மழைநீர் பாய் வழியாக வரவில்லை, கயிறு வழியாக வந்திருக்கிறது. மரத்தில் வழியும் நீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்து வரும். பாயின் விளிம்புக்கு ஒரு சாண் வெளியே, கயிற்றில் ஒரு சின்ன நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். நீர் அதில் இறங்கி வெளியே சொட்டிவிடும். நைலான் கயிறு நனைந்தால் நீளும், படுக்கும் முன் ஒரு முறை இழுத்துக் கட்டுங்கள். குளிர் மேலிருந்து வந்ததைவிடத் தரையிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். காய்ந்த சருகை முழங்கால் உயரத்துக்குக் குவித்து, பூச்சி பொட்டு இருக்கிறதா என்று குச்சியால் கிளறிப் பார்த்து, மேலே விரிப்பைப் போட்டுப் படுத்துப் பாருங்கள். இடுப்பு எலும்பில் தரை தட்டினால் இன்னும் சருகு வேண்டும்.

கேள்வி: காட்டுக் கீரை, காளான் பறித்துச் சமைத்துப் பழகலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு நாளில் கற்கும் விஷயம் அல்ல அது.

கேள்வி: விபத்து நடந்தால் என்ன செய்வது?

பதில்: அந்தத் திட்டத்தை வீட்டிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொருவரின் ஒவ்வாமை, சாப்பிடும் மருந்து, வீட்டு எண். அருகிலுள்ள மருத்துவமனை, போகும் வழி. வண்டி ஓட்டப்போவது யார், சாவி எங்கே. வண்டியை வெளியே போகும் திசை பார்த்து நிறுத்துங்கள். ஊரில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லி, அதைத் தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

கத்தி பிடிப்பவர் கையை நீட்டிச் சுற்றினால் வேறு யார் மீதும் படக் கூடாது. தொடைமேல் வைத்து எதையும் சீவ வேண்டாம். தொடையின் உள்பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாய் வெட்டுப்பட்டால் சில நிமிடங்களே அவகாசம். வெட்டுக்காயத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எல்லோர் கழுத்திலும் விசில் தொங்கட்டும். வழி தவறினோம் என்று தோன்றியதும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், நடக்க நடக்கத் தேடுபவர்களின் வட்டம்தான் பெரிதாகும். மூன்று ஊதல், இடைவெளி, மறுபடி மூன்று ஊதல். ஞாயிறு காலை இதை ஒத்திகை பாருங்கள். அன்று விளையாட்டுக்கு விசில் ஊதுவது அறவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.