ஸ்லைடு எத்தனைன்னு எண்றதுக்கு முன்னாடி காத்து எப்படின்னு பாருங்க

கேள்வி: மூணு வயசு பொண்ணு, ஏழு வயசு பையன், நானும் வீட்டுக்காரரும், கூட மாமியார். எல்லாரும் ஒருநாள் இன்டோர் வாட்டர் பார்க் போலாம்னு இருக்கோம். பையனுக்கு அப்பப்போ வீசிங் வரும். பாத்து வெச்சிருக்கிற இடங்கள்ல ஒண்ணுல மட்டும் ஸ்லைடு ரொம்ப அதிகம், அதையே புக் பண்ணிடலாமா?

பண்ணாதீங்க, கொஞ்சம் பொறுங்க. உங்க அஞ்சு பேர்ல பெரிய ஸ்லைடுல ஏற ஆசைப்படப் போறது பையனும் அவங்க அப்பாவும்தான். அதுலயும் நிறைய இடத்துல பெரிய ஸ்லைடுக்கு 120 சென்டிமீட்டர் கிட்ட உயரம் கேப்பாங்க, ஏழு வயசுப் பசங்க பல பேர் சரியா அந்தக் கோட்டுலதான் நிப்பாங்க. வீட்லயே செருப்பு இல்லாம சுவத்தோட நிக்க வெச்சு அளந்துட்டு, எந்த ஸ்லைடுக்கு எவ்ளோ உயரம்னு அந்த பார்க்குல கேட்டுக்கோங்க. அங்க போய் வரிசைல நின்னு, மேல ஏறினப்புறம் அளவுக் கம்பு காட்டி திருப்பி அனுப்பினா அன்னிக்கு முழுக்க அழுகைதான்.

பூல் தண்ணி பராமரிப்புலயே இருக்கிற ஆள் நான், அதனால சொல்றேன், கூரை போட்ட பார்க்குல முதல்ல பாக்க வேண்டியது காத்து. உள்ள நுழைஞ்சதும் குளோரின் வாடை குப்புன்னு அடிச்சா "ஆஹா, தண்ணிய நல்லா சுத்தமா வெச்சிருக்காங்க"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது அப்படியே தலைகீழ். நல்லா பராமரிக்கிற குளத்துல வாடை லேசாதான் இருக்கும். வேர்வை, யூரின், உடம்புல பூசின கிரீம் இதெல்லாம் குளோரினோட சேர்ந்து குளோரமைன்னு ஒண்ணு உண்டாகும், மூக்குல ஏறுறதும் கண்ணு எரியுறதும் இருமல் வர்றதும் அதனாலதான். வெளில இருக்கிற குளம்னா காத்தடிச்சு அது போயிடும், இங்க கூரை இருக்கு, வெளிக்காத்து உள்ள வர ஏற்பாடு சரியா இல்லன்னா அங்கயே தங்கிடும், அதுவும் காத்த விட கனமான வாயுங்கறதால தண்ணிக்கு மேலயே படிஞ்சு நிக்கும், குழந்தைங்க மூச்சு விடுற உயரம் அதுதானே. பையனுக்கு வீசிங் வேற இருக்கறதால உங்களுக்கு இது பெரிய விஷயம். முடிஞ்சா புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவ நேர்ல போய் குளத்து ஓரத்துல ரெண்டு நிமிஷம் குனிஞ்சு நில்லுங்க. கண்ணு உறுத்துச்சுன்னா வேற இடம் பாருங்க, எத்தன ஸ்லைடு இருந்தாலும் சரி. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, இன்ஹேலர லாக்கர்ல பூட்டாம உக்கார்ற இடத்துலயே வெச்சுக்கோங்க.

கூட்டம் ஏற ஏற காத்தும் தண்ணியும் கெடும், அதனால திறந்தவுடனே போறது பெஸ்ட். லீவு நாள் சாயங்காலம் ரொம்ப மோசம்.

நேர்ல போறப்போ இன்னும் ரெண்டு பாத்துடுங்க. ஆழமான பக்கத்துல நின்னா அடியில தண்ணி வெளியேறுற ஓட்டையோட மூடி (டிரெய்ன்) பளிச்சுன்னு தெரியணும், கலங்கலா தெரிஞ்சா உள்ள முழுகுறவங்கள லைஃப்கார்டும் பாக்க முடியாது. அப்புறம் அந்த லைஃப்கார்டையே கவனிங்க, கண்ணு தண்ணி மேல ஓடிட்டே இருக்கா, இல்ல பக்கத்து ஆளோட கத பேசிட்டு இருக்காரா? குளோரின் அளவு எவ்ளோன்னு கேட்டா சொல்லத் தெரியணும். அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி சொல்றது குளத்துல குளோரின் குறைஞ்சது 1 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு), பிஹெச், அதாவது தண்ணியோட அமில-காரத் தன்மை, 7.0 லேர்ந்து 7.8 க்குள்ள. கேட்டதுக்கு முகம் சுளிக்கிற இடத்த நான் நம்ப மாட்டேன்.

பொண்ணுக்கு குட்டிப் பசங்களுக்குன்னே தனியா கணுக்கால் அளவு தண்ணில ஒரு ஏரியா இருக்கணும், அந்தத் தண்ணி கொஞ்சம் வெதுவெதுப்பா இருந்தா நல்லது, 30 டிகிரி கிட்ட. சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துடும், உதடு நீலமாச்சுன்னா வெளில தூக்கிடுங்க. மேலேர்ந்து பெரிய பக்கெட் கவுந்து தண்ணி கொட்டுமே, அது பக்கத்துல இருந்தா மூணு வயசுக்கு பயந்துடுவா. கைல மாட்டுற காத்தடிச்ச பட்டைய நம்பாதீங்க, லைஃப் ஜாக்கெட் போட்டாலும் கை எட்டுற தூரத்துலயே ஒரு பெரியவங்க இருக்கணும். தண்ணில மூழ்குற குழந்தை கத்தாது, கைய ஆட்டாது, சத்தமே வராது, அதனால "எல்லாரும் பாத்துப்போம்"னு விட்டா யாருமே பாக்க மாட்டோம், இந்த அரை மணி நேரம் நீ, அடுத்தது நான்னு பிரிச்சுக்கோங்க. ஸ்விம் டயபர் மலத்த ஓரளவுதான் தடுக்கும், தண்ணிக்குள்ள கலக்கறத நிறுத்தாது, மணிக்கொரு தடவ செக் பண்ணுங்க. வீட்ல யாருக்காவது வயித்துப்போக்குன்னா டிரிப்ப தள்ளிப் போடுங்க, வயித்துப்போக்க உண்டாக்குற கிரிப்டோங்கற கிருமி குளோரின் சரியா இருக்கிற தண்ணிலயும் ஏழு நாளுக்கு மேல உயிரோட இருக்கும். டாக்டர் அந்தக் கிருமிதான்னு சொல்லியிருந்தா வயிறு சரியானப்புறம் கூட ரெண்டு வாரம் குளத்துல இறங்கக் கூடாது.

மாமியாருக்கு என்ன வேணும்? வழுக்காத தரை, கைப்பிடி, படி இல்லாம சரிவா இறங்குற குளம், அப்புறம் ஈரமில்லாம உக்காந்து பேரப்பிள்ளைங்கள பாக்கற மாதிரி ஒரு சேர். பாதி பார்க்குல இந்தக் கடைசி ஒண்ணுதான் இருக்காது, இருந்தாலும் தூணுக்குப் பின்னாடி போட்டிருப்பாங்க. சுடுதண்ணித் தொட்டி 40 டிகிரி வரைக்கும் போகும், அவங்களுக்கு பிபி, இதயப் பிரச்சினை ஏதாவது இருந்தா டாக்டர கேக்காம வேண்டாம், அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு சுத்தமா வேண்டாம்.

டிரெஸ் விதிய முன்னாடியே கேட்டுடுங்க. பல இடத்துல காட்டன் துணி, ஜிப், மெட்டல் பட்டன் ஒத்துக்க மாட்டாங்க, ஜிப்பும் மெட்டலும் பட்டா ஸ்லைடுல கீறல் விழும். குழந்தைங்களுக்கு நீல கலர் ஸ்விம்சூட் வாங்காதீங்க, தண்ணிக்குள்ள போனா அப்படியே மறைஞ்சுடும், பளிச்சுன்னு ஆரஞ்சு இல்ல பிங்க் வாங்குங்க.