சிலிண்டருக்குள் சரசரக்கும் செந்தூள்

கேள்வி: கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவன் நான். பழைய இரும்புச் சிலிண்டர் இரண்டு மலிவாகக் கிடைத்தன. வெளியில் புதுப் பெயின்ற். சாய்த்தால் உள்ளே சரசரவென்று சத்தம். அசிட் ஊற்றிக் கழுவலாம் என்கிறார் வெல்டிங் கடைக்காரர். சரியோ, ஐயா?
— வாசகர் ஒருவர், முல்லைத்தீவு

பதில்: வேண்டாம் தம்பி. அசிட் துருவைத் தின்னும், உண்மைதான். கூடவே உண்டாகும் ஹைட்ரஜன் உருக்குக்குள் இறங்கி, அதை வெடிப்பு விழும்படி ஆக்கிவிடும். 200 பார் அழுத்தத்தில் காற்றை அடக்கி நிற்கவேண்டிய சாமான் அது. சூடுகாட்டிப் பெயின்ற் உரிக்கிறேன் என்று சொன்னாலும் விடாதீர்கள். உருக்கின் பதம் போய்விடும்.

எனக்குப் பயம் அந்தச் சத்தத்தில்தான்; உள்ளே துரு உதிர்ந்து உருளும் சத்தம் அது. எல்லாரும் ‘ஒட்சிசன் சிலிண்டர்’ என்பார்கள். உள்ளே இருப்பதோ வெறும் காற்று; ஒட்சிசன் 21 வீதம். துரு என்பது இரும்பு அந்த ஒட்சிசனைத் தின்ற மிச்சம். சிலிண்டருக்குள் கொஞ்சம் உப்புத்தண்ணீர் கிடந்து, மாதக்கணக்கில் மூடியே வைத்தால் தின்றுகொண்டே இருக்கும். அழுத்தம் காட்டும் கேஜ் நிறையக் காற்று இருப்பதாகவே காட்டும். இறங்கியவருக்கு மூச்சு முட்டவும் முட்டாது. முட்டவைப்பது கரியமிலவாயு, அதுதான் வெளியே போய்க்கொண்டிருக்கிறதே! சொல்லாமல் கொள்ளாமல் நினைவு தப்பும்.

இரண்டையும் சிலிண்டர் பரிசோதகரிடம் கொடுங்கள். காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே அவர் வால்வைக் கழற்றி, உள்ளே விளக்கு இறக்கிப் பார்ப்பார். பவுடர் பூசினதுபோல் மெல்லிய துரு என்றால் தப்பித்தீர்கள். சொரசொரப்பான பீங்கான் சில்லுகளைப் போட்டு மணிக்கணக்கில் உருட்டிச் சுரண்டி, வெந்நீரில் அலசி, உடனே உலர்காற்று அடிப்பார்கள். அந்த ‘உடனே’ முக்கியம். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்து, மறுபடி சிவந்திருந்ததைக் கண்டு தலையில் கைவைத்தவன் நான். அம்மைத் தழும்புபோல் குழி இருந்தால் ஆழத்தை அளந்துதான் முடிவு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை, வருடாவருடம் உள்ளே பார்ப்பது, இரண்டையும் விடாதீர்கள். தோற்ற சிலிண்டரை இன்னொருவர் தலையில் கட்டாமல், கழுத்து மரையை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்கிறீர்களா? கடலுக்கடியில் கடைசி மூச்சுவரை உறிஞ்சிக் காலியாக்குவது ஒன்று. மற்றது கரையில் நடப்பது: வால்வு வாயில் நிற்கும் நாலு சொட்டை ஊதித் தள்ளாமல் கொம்பிரசர் குழாயைப் பூட்டுவார்கள், சொட்டுகள் காற்றோடு உள்ளே போய்விடும். பூட்டுமுன் வால்வை ஒரு நொடி திறந்து மூடினால் போதும். எப்போதும் 20 பாராவது மிச்சம் வையுங்கள். நிமிர்த்தி வையுங்கள், ஈரம் இருந்தாலும் தடித்த அடியில்தான் தேங்கும், மெல்லிய பக்கச்சுவரில் அல்ல.

புதுப் பெயின்ற் என்றீர்களே, அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் உறையைக் கழற்றிப் பார்த்தீர்களோ? உப்புநீர் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். கண்டதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.