அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதைகள் நூறு வருடம் தாண்டியும் படிக்கப்படுவது ஏன்? அவர் வாழ்க்கையில் அதற்கு விடை இருக்கிறதா?

இருக்கிறது என்றுதான் சொல்வேன். டார்க்கி என்ற ஊரில், முதல் உலகப் போர்க்கால மருத்துவமனை ஒன்றின் மருந்து அறையில் இருக்கிறது. நான் மருந்தாளுநர். அதனால்தான் என் கண் முதலில் அங்கே போகிறது என்று நினைக்கலாம். ஆனால் அவருடைய சுயசரிதையைப் படித்தால், முதல் துப்பறியும் கதை பிறந்த இடம் அதுதான் என்று அவரே சொல்கிறார்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இருக்கும் டார்க்கியில் 1890இல், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பதினொரு வயதில் அப்பாவை இழந்தார். வசதியும் மெல்லக் குறைந்தது. 1914 டிசம்பர் 24 அன்று ஆர்ச்சி கிறிஸ்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவர் போர்முனையில். இவர் ஊரிலேயே செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில், காயம்பட்டு வந்த சிப்பாய்களைச் சம்பளம் வாங்காமல் கவனித்துக்கொண்டார். அப்புறம் மருந்து அறைக்கு மாறி, 1917இல் அதற்கான தேர்விலும் தேறினார்.

தேர்வுக்குப் படிக்கும்போது ஊரிலிருந்த ஒரு மருந்துக் கடைக்காரரிடம் தொழில் கற்கப் போனார். ஒருநாள் அந்த மனிதர் சப்போசிட்டரி, அதாவது ஆசனவாயில் வைக்கும் மருந்து, தயாரித்துக்கொண்டிருந்தார். கணக்கில் தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்துவிட்டதை அகதா கவனித்துவிட்டார். பத்து மடங்கு மருந்து! அனுபவசாலியிடம் நேற்று வந்த பெண் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவர் ஒத்துக்கொள்ளும் ஆள் இல்லை. அகதா கால் தடுக்கியதுபோல் விழுந்து, பலகையோடு எல்லாவற்றையும் கொட்டி, காலால் நன்றாக மிதித்தும் விட்டார். மன்னிப்புக் கேட்டார், வேறு தயாரித்தார்கள். இதே மனிதர் சட்டைப்பையில் க்யூராரே என்ற கொடிய விஷத்தை ஒரு சின்னக் கட்டியாக எப்போதும் வைத்திருப்பாராம். ஏன் என்று கேட்டதற்கு, அது தனக்கு ஒரு பலம் தருவதுபோல் இருக்கிறது என்றாராம்.

இந்தச் சம்பவத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மருந்து வாங்க வருகிறவர் புட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கொடுக்கிற கையை நம்பிக் குடிக்கிறார். அந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது, எவ்வளவு சுலபமாக உடையக்கூடியது என்பதை இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் அகதா நேரில் பார்த்துவிட்டார். பின்னால் அவர் எழுதிய கொலைகளை நினைத்துப் பாருங்கள். இருட்டுச் சந்தில் கத்தியோடு நிற்கும் முரடன் அங்கே அபூர்வம். காபி ஆற்றிக் கொடுப்பவர், மாத்திரை எடுத்துத் தருபவர், படுக்கையருகே தண்ணீர் வைப்பவர்: இவர்கள்மேல்தான் சந்தேகம் விழும். வீட்டுக்குள்ளே, தெரிந்தவர் கையால் சாவு வருகிறது. இந்தப் பயத்துக்கு நாடு, மொழி எதுவும் கிடையாது.

வெளியான முதல் நாவலான ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ எழுதத் தொடங்கியது மருந்து அறையில் வேலை இல்லாத நேரங்களில்தான். அக்கா மேட்ஜ், உன்னால் துப்பறியும் கதை எழுத முடியாது என்று சொன்னது ஒரு தூண்டுதல். டார்க்கிக்கு வந்து சேர்ந்திருந்த பெல்ஜிய அகதிகளைப் பார்த்துத் துப்பறிபவரை பெல்ஜியக்காரராக்கினார். அவர்தான் ஹெர்க்யூல் புவாரோ. பாதியில் கதை சிக்கிக்கொண்டபோது அம்மா சொன்னதன்பேரில் டார்ட்மூர் மேட்டுநிலத்துக்குப் போய், அங்கே நடந்துகொண்டே வசனங்களைத் தனக்குத்தானே பேசிப் பார்த்து முடித்தார்.

அதில் கொலை எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன், கொலையாளி யார் என்று சொல்ல மாட்டேன். அதுகூட வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். அந்தக் காலத்தில் ஸ்ட்ரிக்னினை மிகக் குறைந்த அளவில் சத்து டானிக்காகக் கொடுப்பார்கள். நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே விஷம்தான். அந்த டானிக்கில் புரோமைடு உப்பைச் சேர்த்தால் ஸ்ட்ரிக்னின் கரைசலிலிருந்து பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத மாதிரி மெல்லிய படிகங்களாக அடியில் இறங்கிவிடும். நோயாளி தினமும் மேலே இருப்பதைக் குடிப்பார், ஒன்றும் ஆகாது. கடைசி டோஸில் மொத்த விஷமும் வந்து சேரும். ‘குடிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்’ என்று லேபிளில் எழுதுகிறோமே, அதன் காரணத்தை இவ்வளவு கூர்மையாக எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை.

பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகு 1920இல் அமெரிக்காவிலும் 1921இல் இங்கிலாந்திலும் வெளியானது. அவருக்குக் கிடைத்த பணம் 25 பவுண்டு. ஆனால் மருந்தாளுநர்களின் பத்திரிகை ஒன்று, விஷங்களைப் பற்றித் தெரிந்து எழுதியிருக்கிறார் என்று பாராட்டியது. அந்தப் பாராட்டு அவருக்குத் தனி மகிழ்ச்சி.

1926இல் அவர் பதினொரு நாள் காணாமல் போனதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். அந்த வருடம் அம்மா இறந்தார். அப்புறம் கணவர், வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொல்லி விவாகரத்து கேட்டார். டிசம்பர் 3 இரவு வீட்டைவிட்டுப் போன அகதாவின் கார் சரே பகுதியில் தனியாகக் கிடந்தது. போலீஸ், தன்னார்வலர்கள், செய்தித்தாள்கள் என்று நாடே தேடியது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் இவருடைய கையுறை ஒன்றை ஆவிகளோடு பேசுபவரிடம் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் ஹாரகேட் என்ற ஊரில் ஒரு விடுதியில், கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயரிலேயே தங்கியிருந்தது தெரிந்தது. விளம்பரத்துக்காகச் செய்தார் என்று அன்றே பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாயை இழந்து, தாம்பத்தியமும் முறிந்த ஒரு பெண்ணின் துக்கம் அது. சுயசரிதையில் அந்தப் பதினொரு நாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த மௌனத்தை மதிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வந்த வாழ்க்கை. 1928இல் விவாகரத்து ஆனதும் தனியாக ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் ஏறி பாக்தாத் போனார். மறுபடி போனபோது, இராக்கில் ‘ஊர்’ (Ur) என்ற பழங்கால நகரம் இருந்த இடத்தில் நடந்த அகழாய்வில், தொல்லியலாளர் மேக்ஸ் மேலோவனைச் சந்தித்தார். தன்னைவிடப் பதினான்கு வயது இளையவர். 1930இல் கல்யாணம். அதன் பிறகு பல பருவங்கள் சிரியாவிலும் இராக்கிலும் கூடாரம், தூசி, உடைந்த பானைகள்தான். இராக்கில் நிம்ரூத் என்ற பழைய நகரத்தில் கிடைத்த தந்தச் சிற்பங்களின் இடுக்கிலிருந்த மண்ணை, பின்னல் ஊசியாலும் தன் முகத்துக்குப் போடும் கிரீமாலும் சுத்தம் செய்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் லண்டனில் மறுபடி மருத்துவமனை மருந்து அறைக்கே போய் நின்றார். அப்போது அவர் உலகமே அறிந்த எழுத்தாளர்!

குறைகளும் உண்டு. யூதர்களையும் கறுப்பின மக்களையும் பற்றி அந்தக் காலத்து வெள்ளையர் மனப்பான்மையில் எழுதிய வரிகள் இருக்கின்றன. 1939இல் வந்த அவருடைய மிகப் பிரபலமான நாவல் இங்கிலாந்தில் ஓர் இனவசையைத் தலைப்பாகக் கொண்டே வெளியானது. பிறகுதான் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ ஆனது. காலம் அப்படி என்று சொல்லி இதைக் கடந்துபோக நான் தயாரில்லை.

மொத்தம் 66 துப்பறியும் நாவல்கள். 200 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 1952 நவம்பரில் லண்டனில் தொடங்கிய ‘மௌஸ்ட்ராப்’ நாடகம் 2020இல் கொரோனா வந்துதான் நின்றது, அடுத்த வருடமே திரும்பத் தொடங்கியது. 1975இல் புவாரோ கதையில் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது. அகதா 1976 ஜனவரி 12இல் காலமானார்.

ஆனால் அவர் விட்டுப்போனதில் நான் பெரிதாக நினைப்பது வேறு. 1961இல் எழுதிய ‘தி பேல் ஹார்ஸ்’ நாவலில் தாலியம் என்ற விஷத்தின் அறிகுறிகளை, முடி உதிர்வது உட்பட, விவரமாக எழுதியிருந்தார். 1977இல் கத்தாரிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஒன்றரை வயதுக் குழந்தைக்கு என்ன நோய் என்று மருத்துவர்களுக்குப் புரியவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர், குழந்தைக்கு முடி கொட்டுவதைப் பார்த்து, தாலியமாக இருக்குமோ என்றார். சோதித்தால் அதுதான். வீட்டில் பூச்சிக்கும் எலிக்கும் வைத்த மருந்திலிருந்து போயிருக்கிறது. குழந்தை பிழைத்தது.

புதிதாகப் படிப்பவர்கள் 1926இல் வந்த ‘ரோஜர் ஆக்ராய்ட்’ நாவலில் தொடங்கலாம். அதற்கு முன் இணையத்தில் அதைப் பற்றி எதையும் தேடாதீர்கள். முடித்ததும் முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள். மறைத்ததாக நாம் நினைத்த எல்லாம் அங்கேயே வெளிச்சத்தில் இருக்கும்.