யாழ்ப்பாணத்தின் மூன்று ஆசனங்கள்

ஐயா,
2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் 6 ஆசனங்களில் 3 தெற்கின் தேசிய மக்கள் சக்தியின் சின்னமான திசைகாட்டிக்குப் போய்விட்டதே. எங்கட சனம் சோரம் போய்விட்டதா? மட்டக்களப்பு உறுதியாக நின்றதே! இங்கே இருந்து பார்க்க வெட்கமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், ரொறன்ரோ

அன்புத் தம்பி,

உமது கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிற கிளிநொச்சியில் வரிசையில் நின்று வாக்களித்தவளைப் பார்த்து ரொறன்ரோவில் இருந்து ‘சோரம்’ என்று சொல்ல உமக்கு யார் உரிமை தந்தது? மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் முதலாவதாக வந்தது, நல்லது. அதை வைத்து யாழ்ப்பாணத்தை அடிக்க வேண்டாம்.

கணக்கைப் பாரும். தேர்தல் முடிந்த நாளில் இருந்து வருகிறவர் போகிறவர் எல்லோரையும் இதைச் சொல்லியே அறுத்துக்கொண்டிருக்கிறேன். திசைகாட்டிக்கு விழுந்தது 80,830 வாக்கு. செல்லுபடியானவற்றில் காற்பங்குதான். காற்பங்குக்கு எப்படி ஆசனங்களில் பாதி? மாவட்டத்தில் முந்துகிற பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. அது ஒன்று. 5 வீதத்துக்குக் கீழே நிற்பவர்களைக் கழித்துவிட்டு, மிச்ச வாக்கை 5 ஆசனத்துக்குப் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு 48 ஆயிரம் சொச்சம். அந்த வகையில் திசைகாட்டிக்கு ஒன்று, 63,327 எடுத்த வீட்டுக்கு ஒன்று. இனி மீதிக் கணக்கு: மிச்ச 3 ஆசனமும் மீதி வாக்கு கூடியவர்களுக்கு. திசைகாட்டியிடம் 32 ஆயிரத்துக்கு மேல் மீதி. தமிழ்க் காங்கிரஸின் சைக்கிளுக்கும் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழுவின் ஊசிக்கும் 28 ஆயிரத்துக்குக் கிட்ட. மூன்றுக்கும் ஒவ்வொன்று. வீட்டின் மீதி 15 ஆயிரமும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் சின்னமான சங்கின் 22 ஆயிரமும் வீண். ஒரு காலத்தில் ஒரே கூட்டமைப்பில் இருந்த வீடும் சங்கும் ஒரே பட்டியலில் நின்று, அதே வாக்குகள் விழுந்திருந்தால் 85 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். முதலிடம், போனஸ், 3 ஆசனம் எல்லாம் அவர்களுக்கு. திசைகாட்டி 2 உடன் நின்றிருக்கும். பிரிந்து நின்றவர்களை விட்டுவிட்டு நீர் சனத்தை ஏசுகிறீர்!

1977இல் வடக்கின் 14 தொகுதிகளும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்குப் போனபோது அதில் என் அம்மாவின் வாக்கும் ஒன்று. இந்த முறை அவர் கைக்கு வந்த சீட்டில் 44 பட்டியல்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினாராம். வெளியே வந்ததும், “எல்லாம் எங்கட பிள்ளையள்தானே, பிறகேன் தனித்தனி அடுப்பு?” என்று கேட்டார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். “அது உனக்கேன்?”

அப்புறம், திசைகாட்டிக்குப் போட்டவர்கள் ஏமாளிகளும் அல்ல. 1994இல் இருந்து பாராளுமன்றத்தில் இருந்த டக்ளஸ் தேவானந்தாவையும் வீட்டின் சுமந்திரனையும் ஒரே இரவில் வீட்டுக்கு அனுப்பிய மாவட்டம் இது. பழைய முகங்கள் மேல் அவ்வளவு சலிப்பு. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் அதே சனம்தான் வீட்டைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்தது. அப்போது உம்மிடம் இருந்து ஒரு வரிகூட வரவில்லையே, தம்பி?