கை ஓடுகிறது, கணக்கு ஓடவில்லை!

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முதல் வருடம். வீட்டில் மோட்டார், மிக்ஸி எது மக்கர் செய்தாலும் அவன்தான் பிரித்து மாட்டுவான். ஆனால் ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் பாடத்தில் மட்டும் ஒவ்வொரு டெஸ்ட்டிலும் கோட்டை விடுகிறான். பத்தாவதிலேயே கணக்கில் 38தான். தப்பான படிப்பில் சேர்த்துவிட்டேனோ?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: படிப்பு சரிதாம்மா. ‘கணக்கு வராதா, ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடு’ என்று யாரோ சொல்லியிருப்பார்களே, அதுதான் தப்பு.

நான் சில வருடம் ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்தவன். முதல் வகுப்பிலேயே 0.3 பெரிதா, 0.25 பெரிதா என்று கேட்பேன். 0.25 என்று கோரஸாகப் பதில் வரும், 3-ஐவிட 25 பெரிதாச்சே! பையன்கள் தடுமாறுவது பத்தாம் வகுப்புக் கணக்கில் இல்லை, ஆறு ஏழாம் வகுப்பில் விட்டுப்போன தசமத்திலும் பின்னத்திலும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாவது வரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை, அதனால் ஓட்டை அப்படியே கூட வருகிறது. (ஃபெயில் போட்டிருந்தால் மட்டும் தசமம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.)

அந்த ஓட்டை, நுட்பமாக நீளம் அளக்கும் வெர்னியர் கருவியைக் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும். நகராத மெயின் ஸ்கேலில் 49 மி.மீ. நீளத்தை, நகரும் வெர்னியர் ஸ்கேலில் 50 பங்காகப் போட்டிருப்பார்கள். அப்படியானால் ஒரு பங்கு 0.98 மி.மீ., மெயின் ஸ்கேலின் ஒரு மி.மீ.யிலிருந்து கழித்தால் 0.02, அதுதான் அந்தக் கருவி காட்டும் மிகச் சிறிய அளவு. ஜாப்பை (செய்கிற பொருளை) அளக்கும்போது மெயின் ஸ்கேலில் 24-ஐத் தாண்டி, வெர்னியரின் 17வது கோடு மேலே ஒரு கோட்டோடு ஒத்துப்போகிறது என்றால், 17-ஐ 0.02 ஆல் பெருக்கி 24.34 என்று எழுத வேண்டும். பையன் 24.17 என்று எழுதுவான். கோட்டைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறான், பெருக்கத்தான் தெரியவில்லை. நாமோ ‘இவனுக்கு அளக்கவே வராது’ என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

இன்னொரு கூத்தும் உண்டு. எம்10 மரை, அதாவது 10 மி.மீ. போல்ட் ஏறுகிற புரி, போடச் சொன்னால் யாரையும் கேட்காமல் துளை போட 8.5 மி.மீ. ட்ரில்லை எடுத்து வருவான், அதே பையன் பரீட்சையில் ‘எம்10, பிட்ச் 1.5, ட்ரில் அளவு என்ன’ என்று கேட்டால் இடத்தைக் காலியாக விட்டுவிடுவான். பிட்ச் என்பது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி; 10-லிருந்து அந்த 1.5 போனால் 8.5, அவ்வளவுதான். ஆனால் கணக்கு ஒரு ரூமில், ஒர்க்‌ஷாப் இன்னொரு பக்கம், ஃபார்முலாவில் பாதி இங்கிலீஷ் எழுத்து. இரண்டும் ஒன்றுதான் என்று பக்கத்தில் நின்று யாராவது சொன்னால்தானே தெரியும்?

பத்தாம் வகுப்புப் புத்தகத்தை விரிக்கிற டியூஷனுக்குப் பணம் கட்டாதீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த எம்10 கதையை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அடுத்து எம்8, பிட்ச் 1.25 என்று கேளுங்கள், 6.75 வர வேண்டும். ‘ஒர்க்‌ஷாப்பில் 6.8 ட்ரில் போடுறோமே’ என்று அவன் சண்டைக்கு வந்தால் ரொம்ப நல்லது, கணக்குக்குள் வந்துவிட்டான். கூடவே ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை அக்கம்பக்கத்தில் வாங்கி, தசமமும் பின்னமும் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வயசுப் பையன், கூச்சப்படுவான். பிரவுன் அட்டை போட்டே கொடுங்கள்.