‘ஹைபிரிட் பற்றரி போயிட்டுது’ என்று ஸ்கேன் சொன்னால் உடனே மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா இருக்கிறது, பெற்றோல் எஞ்சினும் பெரிய பற்றரியால் சுற்றும் மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட் கார். சித்திரை விடுமுறைக்குக் குடும்பமாக ஐந்து பேர் செங்கலடி வீதியால் பதுளைக்குப் போனோம். பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் பின்சீட்டடியில் காற்றாடி இரைகிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் டெஷ்போட்டில் மஞ்சள் லைட்டுகள் வந்துவிட்டன. ஊருக்கு வந்து கல்முனைப் பக்கம் ஒரு கராஜில் ஸ்கேன் போட்டேன். ‘பி0ஏ80’ என்று ஒரு பிழைக் கோட் வந்தது, ஹைபிரிட் பற்றரியை மாற்றச் சொன்னார்கள். மட்டக்களப்பில் இன்னொரு கராஜில் ஸ்கேன் போட்டு, “அழிச்சு விட்டிருக்கு, ஓடிப் பாருங்க” என்றார்கள். மூன்றாம் நாள் லைட் திரும்ப வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் ஸ்கேனுக்குத் தனியாகக் காசு. அப்பாவின் பழைய நிசான் சனியை எங்கள் ஊர் மெக்கானிக் பாஸ் பொனட்டைத் திறந்து காதைக் கொடுத்தே திருத்திவிடுவார். கம்பியூட்டர் உள்ள காருக்கு ஏன் இந்தப் பாடு? போனோடு இணைக்கிற சின்ன ஸ்கேனர் ஒன்று நானே வாங்கலாமா? — ஓர் ஆசிரியர், களுவாஞ்சிகுடி

பதில்: சேர், பற்றரியை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பிறகு மாற்ற வேண்டி வரலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் போன இரண்டு இடத்திலும் யாரும் செய்ததாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவுவது கோட் இலக்கம் இல்லை, ‘பின்சீட்டடியில் காற்றாடி இரைகிற சத்தம்’. அதைக் கராஜில் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். வயரைக் குத்தினால் கார் தானே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொள்கிறோம்.

அப்பாவின் சனியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகைக் கார்களில்தான் நானும் தொழில் பழகினேன். பெற்றோலைக் காற்றோடு கலக்க காபரேட்டர், நெருப்பைப் பிரித்துக் கொடுக்க டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டுகிற பொயின்ட். ஸ்டார்ட் ஆகாவிட்டால் பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு: பெற்றோல் வருகிறதா, நெருப்பு வருகிறதா. எங்கள் பெரிய பாஸ் பொயின்ட் இடைவெளி பார்க்க கேஜ் தேட மாட்டார். சட்டைப் பையில் இருக்கும் சிகரெட் பெட்டியின் அட்டையைக் கிழித்து உள்ளே விடுவார். இறுக்கமாக வந்தால் சரி. யுத்த காலத்தில் சாமான் வராத நாட்களில் ஒரே பொயின்டை அரத்தால் தேய்த்துத் தேய்த்து மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறோம். பிழை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அதனால் காது போதுமாக இருந்தது.

பிறகு கம்பியூட்டர் கணக்குப் பார்த்துப் பெற்றோலைத் தெளிக்கிற இன்ஜெக்ஷன் வண்டிகள் வந்தன. எங்கள் கராஜின் முதல் ‘ஸ்கேனர்’ இரண்டு அங்குல வயர்த் துண்டு. பழைய டொயோட்டாக்களில் பொனட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்து இரண்டு துளைகளை அந்த வயரால் இணைத்தால் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரியும். இரண்டு தரம் எரிந்து, சற்று நின்று, மறுபடி இரண்டு தரம் எரிந்தால் 22, தண்ணீர்ச் சூடு பார்க்கிற சென்சர் லைனில் பிழை. ஒருவர் எண்ண, ஒருவர் கொப்பியில் எழுத வேண்டும். எண்ணிக்கை பிழைத்துச் சண்டை பிடித்ததும் உண்டு.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் காருக்கும் ஒரே மாதிரியான 16 பின் சொக்கெட்டும் பொதுவான கோட்களும் கட்டாயமாகின. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. உங்கள் ஸ்டியரிங்குக்குக் கீழே இருப்பது அந்தச் சொக்கெட்தான். ஆனால் நம்மிடம் ஓடுகிற ரீகண்டிஷன் கார்கள் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்தவை. சொக்கெட் ஒன்றாக இருந்தாலும் எல்லா ஸ்கேனரும் அவற்றோடு முழுக்கப் பேசாது. (காலையில் கார் ஸ்டார்ட் செய்ததும் ‘ஈடிசி கார்ட் போடவில்லை’ என்று ஜப்பான் மொழியில் முறையிடுகிற அந்த அம்மாவை அறியாதவர் நம் ஊரில் யார்? அது நெடுஞ்சாலைக் கட்டண அட்டை. பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறா.)

கோட் என்பது பொலிசில் எழுதி வைத்த முறைப்பாடு மாதிரி. தீர்ப்பு இல்லை. “எனக்கு இப்படி ஒரு கணக்கு வருகிறது, சரியாகப் படவில்லை” என்று கம்பியூட்டர் எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். பி0171 என்றால் எரிகலவையில் பெற்றோல் குறைவு. அது ஏன் குறைகிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு முறை அந்தக் கோட்டைப் பார்த்ததும், புகையில் மிஞ்சுகிற ஒக்சிஜனை அளக்கிற ஒக்சிஜன் சென்சரை மாற்றச் சொன்னேன். வாடிக்கையாளர் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்தார், மாற்றினேன், ஒரு கிழமையில் லைட் திரும்ப வந்தது. பிழை காற்று போகிற ரப்பர்க் குழாயில் இருந்த ஒரு வெடிப்பு. எஞ்சின் ஓடும்போது அது விரியும், நிற்கும்போது மூடிக்கொள்ளும். சென்சர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான் அதையே குற்றவாளியாக்கிவிட்டேன். சென்சர் காசை நான் திருப்பிக் கொடுத்தேன்.

உங்கள் பி0ஏ80இல் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் அந்தக் கோட்டின் பெயரே ‘ஹைபிரிட் பற்றரியை மாற்றவும்’ என்றுதான் வரும். திரையில் அப்படி வந்தால் பொடியன் அப்படியே வாசித்துச் சொல்கிறான். அதற்குப் பின்னால் இருக்கும் விசயம் இது. அக்குவாவின் பெரிய பற்றரி ஒரே துண்டு இல்லை. 7.2 வோல்ட் மொட்யூல்கள் 20 வரிசையாகச் சேர்ந்து 144 வோல்ட். கம்பியூட்டர் அவற்றைத் தொகுதி தொகுதியாக அளந்துகொண்டே இருக்கும். ஒரு தொகுதி மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் விழுந்தால் அந்தக் கோட் போடும். மொட்யூல் பழுதானாலும் அப்படி விழும். மொட்யூல்களை இணைக்கிற செப்புத் தகட்டில், அல்லது வோல்ட் அளக்கிற மெல்லிய வயரின் முனையில் பச்சைக் களிம்பு பிடித்தாலும் விழும். ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல் என்று இருக்கிற நம் எழுவான்கரையில் களிம்பு பிடிக்க அதிக காலம் வேண்டாம்.

இனி அந்தக் காற்றாடிக்கு வருகிறேன். பெரிய பற்றரி பின்சீட்டடியில் இருக்கிறது. அதைக் குளிராக்க ஒரு காற்றாடி காருக்குள் இருக்கிற காற்றையே இழுக்கும். இழுக்கிற வாய் பின்சீட்டுப் பக்கம் சின்னக் கம்பி வலை மாதிரித் தெரியும். மெத்தை, பாடசாலைப் பை, பிள்ளையின் துவாய் எதுவும் அதை மூடிவிடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் ஊர்ப் புழுதி எப்படி என்று உங்களுக்குத் தெரியும்; அதில் பாதி அந்த வாய்க்குள் போகிறது. சமதரையில் ஓடும்போது பற்றரிக்குப் பெரிய பாரம் இல்லை. களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்கு வந்தால் கல்லடிப் பாலத்தை விட்டால் ஏறுவதற்கு மேடே கிடையாது. ஐந்து பேரோடு லுணுகலை ஏறும்போதுதான் பற்றரி சுடும், காற்றாடி முழு வேகத்தில் சுற்றும், உங்களுக்குச் சத்தம் கேட்கும். அந்தச் சூட்டில் ஏற்கெனவே தளர்ந்திருந்த மொட்யூல் முதலில் விழும். ஆகவே அந்தக் காற்றாடியைக் கழற்றித் துப்புரவாக்காமல் பற்றரியைப் பற்றிப் பேசுவதே பிழை. துப்புரவாக்காமல் புதுப் பற்றரி போட்டால், அதையும் அதே அடுப்பில்தான் வைக்கிறீர்கள்.

மட்டக்களப்பில் ‘அழிச்சு விட்டது’ எனக்குக் கோபம் வருகிற இடம். கோட் விழுகிற நேரத்தில் வேகம் எவ்வளவு, பற்றரிச் சூடு எவ்வளவு, எந்தத் தொகுதி எத்தனை வோல்ட் என்று கம்பியூட்டர் ஒரு படம் பிடித்து வைக்கும். கோட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். சின்ன 12 வோல்ட் பற்றரியின் வயரைக் கழற்றி ‘ரீசெட்’ பண்ணுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். நல்ல காலம், உங்களுக்கு லைட் திரும்ப வந்திருக்கிறது. புதிய படம் ஒன்று இப்போது உள்ளே இருக்கிறது. இனி யாரையும் எழுதி எடுக்காமல் அழிக்க விடாதீர்கள்.

அடுத்த தடவை கராஜுக்குப் போகும்போது “ஸ்கேன் போடுங்க” என்று கேட்காதீர்கள். “தொகுதிகளின் வோல்ட்டைக் காட்டுங்க, ஓடிக்கொண்டே காட்டுங்க” என்று கேளுங்கள். நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒருவர் ஓட்ட, ஒருவர் திரையைப் பார்க்க, நன்றாக அக்ஸிலேட்டர் கொடுத்தால்தான் தளர்ந்தது தனியாக விழுந்து காட்டும். அதற்கு முன் சின்னப் பற்றரியை, அந்த 12 வோல்ட்டை, மல்ற்றிமீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 12க்குக் கீழே போனால் ஹைபிரிட்டில் சம்பந்தமில்லாத லைட்டெல்லாம் எரியும், சில நேரம் கார் ஓடத் தயார் என்று காட்டுகிற ‘ரெடி’ லைட்டே வராது. அதைப் பார்த்துப் பெரிய பற்றரியைச் சந்தேகப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

பரிசோதனையில் மொட்யூல்தான் பழுது என்று வந்தால்? ஒன்றிரண்டு மொட்யூலை மட்டும் மாற்றித் தருவோம் என்பார்கள். என் அபிப்பிராயம், அது ஒட்டுப் போட்ட ரியூப். எல்லாம் ஒரே வயதுடையவை, ஒன்றை மாற்ற அடுத்தது விழும். காரை இன்னும் நான்கைந்து வருடம் வைத்திருக்க நினைத்தால் முழுப் பற்றரியாகப் போடுங்கள், உத்தரவாதம் எத்தனை மாதம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடையில் கார் விலை ஏறின ஏற்றத்தைப் பார்த்தால் இருக்கிற காருக்குச் செலவழிப்பது வீண் இல்லை.

யாரிடம் செய்தாலும் ஒன்றைக் கண்ணால் பாருங்கள். உயர் வோல்ட் போகிற செம்மஞ்சள் நிற வயரைத் தொடுவதற்கு முன், பெரிய பற்றரியின் மின்சாரத்தைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்கிறாரா, பிறகு பத்து நிமிடம் பொறுக்கிறாரா, மின்சாரத்துக்கான ரப்பர்க் கையுறை போடுகிறாரா? அந்தக் கார் 144 வோல்ட்டை 500 வோல்ட்டுக்கு மேலே உயர்த்தி ஓடுகிறது. கையுறை இல்லாமல் கை வைக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஸ்கேனுக்குத் தனிக் காசு ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வயரைக் குத்தி இலக்கத்தை வாசித்துச் சொல்வதற்கு மட்டும் என்றால் கொடுக்க மனம் வராதுதான். ஆனால் ஒருவர் ஒரு மணித்தியாலம் எடுத்து, ஓடிப் பார்த்து, அளந்து, “பற்றரி நல்லது, காற்றாடியைத் துப்புரவாக்கினால் போதும்” என்று சொன்னால் அவருக்குச் சாமான் விற்ற இலாபம் எதுவும் இல்லை. அவருக்குக் கிடைக்கிறது அந்தக் காசு மட்டும்தான். நம் ஆட்கள் பம்பரை மாற்றினால் பேசாமல் காசு கொடுப்பார்கள். யோசித்ததற்குக் கேட்டால் “ஒண்டும் செய்யல்லியே பாஸ்” என்பார்கள். அதனால்தான் பல கராஜ்கள் யோசிப்பதை விட்டுச் சாமான் மாற்றப் பழகிவிட்டன.

சின்ன ஸ்கேனர் வாங்கலாம். புளூடூத்தில் போனோடு சேர்கிற மலிவான ஒன்று போதும்; ‘டொக்டர் பிரியஸ்’ போன்ற செயலி அக்குவாவின் பற்றரித் தொகுதிகளையும் காட்டும். நீங்கள் ஓட்டும்போது பார்க்காதீர்கள், வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். திரையைப் படம் எடுத்து வையுங்கள். ‘அழி’ என்கிற பொத்தானைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். குத்தியபடியே விட்டால் காரை எடுக்காத நாட்களில் அது 12 வோல்ட்டைக் குடித்துக்கொண்டிருக்கும்.

அதுவரை ஊருக்குள் மெதுவாக ஓடலாம், தூரப் பயணமும் மலைப் பக்கமும் வேண்டாம். பின்சீட்டுப் பக்கம் அந்தக் கம்பி வலையை இன்றைக்கே தேடிப் பாருங்கள். மறைத்துக்கொண்டு ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு, அது என்ன என்று எனக்கும் எழுதுங்கள். ஒரு அக்குவாவில் நான் எடுத்தது, பாதி சாப்பிட்ட மாரி பிஸ்கட் பக்கற்.